மிளகாய்ப் பாத்திக்குப் போன உமி

முதலில் எங்கள் மா மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். நானும் பியர் காய்ச்சும் அலுவலில் மாட்டியிருக்க மாட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி, சிட்னி. வென்ட்வேர்த்வில்லில், ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேர நடையில், அஸ்பெஸ்டஸ் தகட்டுச் சுவர் வைத்த ஒரு பழைய ஃபைப்ரோ வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இப்போது அந்த ஸ்டேஷனடியில் இறங்கினால் இடியப்பமும் கொத்துரொட்டியும் வாசனையிலேயே ஆளை இழுக்கும். அந்நாளில் அரிசி மாவுக்கே வழியில்லை. என் மனைவி நர்ஸ். விசா கிடைத்தது அவளுக்குத்தான். அவளுடைய புருஷன் என்ற ஒரே தகுதியில் நான் கூட வந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு தகரப் பட்டறையில் கை பழகியவன். இங்கேயும் அதே மாதிரி வேலை அமைந்தது. காற்றுக் குழாய்களும் பால் பண்ணைத் தொட்டிகளும் செய்கிற தொழிற்சாலை.

வந்த புதிதில் மனைவி ஒரு நாள் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, ஒரு புட்டுத் தின்னாமல் இன்னும் எத்தினை நாள் இந்தப் பாணோடை கிடக்கிறது?" அதைக் கேட்டுத்தான் மெஷின் செய்தேன். பழைய சாமான் கடையில் வாங்கிய தானியம் அரைக்கும் கை இயந்திரம் ஒன்று. யாரோ வீதியோரம் தூக்கிப் போட்ட உடுப்புத் தோய்க்கும் மெஷினின் மோட்டார். இரண்டையும் ஒரு மேசையில் பூட்டி பட்டி போட்டேன். மின்சாரம் அடிக்குமோ என்று முதல் ஒரு மாதம் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் அரைத்தேன். பட்டி அறுந்து முகத்தில் அடிக்குமோ என்று அதற்கு ஒரு தகர மூடி. மூடி சூடாகுமோ என்று அதில் துளைகள்.

அப்போது அந்தப் பக்கத்தில் ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள்தான். சனிக்கிழமைகளில் ஊறவைத்து உலர்த்திய அரிசியோடு வருவார்கள். நான் அரைத்து, அரித்து, கட்டை மாவைத் திரும்பவும் போட்டு அரைத்துக் கொடுப்பேன். ஹோம்புஷ்ஷிலிருந்து ரயிலேறி வரும் ஒரு அன்ரி மாவை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "தம்பி, இது பவுடர். முகத்துக்குப் பூசலாம்" என்பா. படிப்பில் ஒருநாளும் பாராட்டு வாங்காதவனுக்கு அது பெரிய விஷயம். இந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு மில் பட்டினத்திலிருந்து வந்தவர். நாங்கள் வீட்டுக்குள் அவரைப் 'பஸ்காரர்' என்றுதான் சொல்லுவோம். அவர் பேசியது இங்கிலீசு. என் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை வேலிக்கு மேலால் தலை தெரிந்தது.

"என்ன மேட், அதுக்குள்ள கல்லைப் போட்டே அரைக்கிறாய்?"

சத்தம் தொந்தரவு என்று முறைப்பாடு சொல்ல வந்திருக்கிறார் என்று பயந்துபோனேன். மோட்டாரை உடனே நிறுத்தினேன். "அரிசி. முடிஞ்சுது. இனி இண்டைக்கு அரைக்க மாட்டன்."

"நிப்பாட்டாதை, நிப்பாட்டாதை. அது பார்லி அரைக்குமோ?"

பார்லி அரைத்த அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. "அரைக்கும்" என்றேன்.

அடுத்த நிமிடம் அவர் வேலியைச் சுற்றி வந்து எங்கள் படியில் குந்தியிருந்து கதையைச் சொன்னார். அவருக்கு ஒரு தமையன். ஊரிலே பியர் ஆலையில் பீப்பாய் உருட்டத் தொடங்கி, பிறகு காய்ச்சும் இடத்திலேயே தலையாளாக இருக்கிறவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பஸ்காரர் கப்பலேறும்போது, வழியனுப்ப வந்த தமையன் கைகுலுக்காமல் ஒன்று சொன்னாராம். "போ. நீ போற இடத்திலை வாயிலை வைக்கிற மாதிரி ஒரு பியர் கிடைக்காது. ஒரு வருஷத்திலை திரும்பி வருவாய்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கிறிஸ்மஸுக்கு ஒரு அட்டை போடுவதோடு சரி. இப்போது தமையன் முதல் தடவையாக வருகிறார், ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேலாக, தங்க.

"நான் அவனுக்கு ஒரு கடிதத்திலை புளுகிப்போட்டன்" என்றார் பஸ்காரர். "இஞ்சை நானே வீட்டிலை காய்ச்சுறன், எங்கடை ஊர்ப் பியர் மாதிரியே வரும் எண்டு. உண்மையிலை நான் கடையிலை தகரப் பேணியிலை வாற மால்ற் பாணியைக் கரைச்சுத்தான் காய்ச்சுறன். அதை அவன் மணந்தே பிடிச்சிடுவான். தானியத்திலை இருந்து காய்ச்ச வேணும்."

"எப்ப வாறார்?"

"இன்னும் மூண்டு மாசம்."

தானியம் அவரிடம் இருந்தது. பார்லியை முளைக்கவைத்துக் காயவைக்கும் ஆலையில் வேலை செய்த ஒருவர் அவருடைய பஸ்ஸில் தினமும் போய்வந்தவர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் குயின்ஸ்லாந்துக்குப் போகும்போது ஒரு சின்னச் சாக்கு கொடுத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு கிலோ. கடையில் அது வாங்க முடியாது. அந்தச் சாக்கை பஸ்காரர் தன் படுக்கையறையில் வைத்திருந்தார். எலி பயமாம். எனக்கு அவரை அந்த இடத்தில்தான் பிடித்துப்போனது.

எனக்கு முதலில் பொலிஸ் பயம். எங்கள் ஊரில் வீட்டில் கசிப்புக் காய்ச்சினால் ஜீப் வரும். "இஞ்சை பியர் காய்ச்சினால் பொலிஸ் வராதோ?" என்று கேட்டேன்.

"வரும். மணம் பிடிச்சு ஒரு கிளாஸ் கேக்க வரும்" என்றார். சட்டம் இப்போது விட்டுவிட்டது என்று விளக்கினார். அப்படியும் மனைவியிடம் சொல்லி, ஆஸ்பத்திரியில் படித்த யாரையாவது கேட்டு வரச் சொன்னேன். அவளும் கேட்டு வந்து, "ஓம், காய்ச்சலாம். விக்கக்கூடாது. இனி நித்திரை கொள்ளுங்கோ" என்றாள்.

இரண்டு மாதம் சனி ஞாயிறுகளில் நாங்கள் சாமான் செய்தோம். பஸ்காரருக்குப் பியர் தெரியும், தகரம் தெரியாது. எனக்குத் தகரம் தெரியும், பியர் தெரியாது. இரண்டு பேருக்கும் சண்டை வர இடமில்லை.

முதலில் தானியம் ஊறும் தொட்டி. தொழிற்சாலையில் நெளிந்துபோன எவர்சில்வர் பால் தொட்டி ஒன்று கழிவுக்குள் கிடந்தது. ஃபோர்மனிடம் எடுக்கலாமா என்று கேட்டேன். எடு என்றார். மறுநாளும் கேட்டேன். எடு என்றுதானே சொன்னேன் என்றார். மூன்றாம் நாள், அதை ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு ஒரு சிகரெட் பெட்டியைக் கிழித்து எழுதித் தந்தார். அந்த அட்டையைப் பல வருஷம் வைத்திருந்தேன்.

தொட்டியை ஒரு மரப்பெட்டிக்குள் இறக்கி, சுற்றிவரப் பழைய கம்பளியைத் திணித்தோம். ஒரு மணி நேரம் சூடு இறங்கக்கூடாது என்பது பஸ்காரரின் கண்டிப்பு. தொட்டியின் அடியில் ஒரு பைப். பைப்புக்கு மேலே, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், துளைத் தட்டு. தானியம் தட்டின் மேல் நிற்கும், சாறு கீழே இறங்கும். புட்டுப் பானைக்குத் தட்டுப் போடுவது மாதிரித்தான் என்று எனக்கு உடனே விளங்கியது. எவர்சில்வர் துளைப்பது லேசில்லை. வேகமாகப் போனால் ட்ரில் ஊசியின் முனை எரிந்துவிடும். சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, ஒவ்வொரு துளையாக, மூன்று கிழமை துளைத்தேன். ஒவ்வொரு துளையின் பிசிரையும் விரலால் தடவிப் பார்த்து அரத்தால் எடுத்தேன். பிசிர் ஒன்று உடைந்து பியருக்குள் போய், அது தமையனின் தொண்டையில் குத்தி, ஆஸ்பத்திரியில் என் மனைவியே அவரைக் கவனிக்க வேண்டி வந்தால்? இப்படி யோசிக்கிற மூளை எனக்கு.

காய்ச்சுவதற்கு எங்கள் வீட்டுச் சலவை அறையிலேயே பாத்திரம் இருந்தது. அந்தக் காலத்து வீடுகளில் உடுப்பு அவிப்பதற்கு என்று ஒரு பெரிய செப்புத் தொட்டி, கீழே காஸ் அடுப்போடு இருக்கும். தோய்க்கும் மெஷின் வந்த பிறகு எல்லோரும் அதைக் கழற்றி எறிந்துகொண்டிருந்தார்கள். எங்களுடையதை யாரும் எறியவில்லை. உள்ளே முப்பது வருஷச் சவர்க்காரம் பச்சையாகப் பிடித்துப்போய்க் கிடந்தது. பஸ்காரர் ஏதோ தூள் கொண்டுவந்து தேய்த்துக் களைத்துப்போனார். நான் குசினிக்குள் போய், சிட்டியில் சீனர் கடையில் வாங்கி வைத்திருந்த பழப்புளிக் கட்டியை எடுத்து வந்தேன். உப்பும் புளியும் சேர்த்துத் தேய்க்க, தொட்டி கல்யாண வீட்டுக் குத்துவிளக்குப் போல வந்தது.

பஸ்காரர் குனிந்து உள்ளே தன் முகத்தைப் பார்த்தார். "இதை நீங்கள் தின்னுறனிங்களோ?" என்று புளியைக் காட்டிக் கேட்டார்.

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"உங்கடை வயிறு எப்பிடி மினுங்கும்" என்றார்.

பிறகு, கொதித்த சாறை ஆறவைக்க ஒரு செப்புக் குழாய்ச் சுருள். குழாயை வெறுமனே வளைத்தால் நசிந்துவிடும். உள்ளே காய்ந்த மணலை இறுக நிரப்பி இரண்டு முனையையும் அடைத்துவிட்டு, பெயின்ற் பேணி ஒன்றைச் சுற்றி வளைத்தேன். பிறகு அந்த மணல் முழுவதும் வெளியே வந்துவிட்டதா என்ற கவலையில் இரண்டு நாள் அதற்குள் தண்ணீர் ஓடவிட்டேன். தண்ணீர் குழாய்க்குள்ளால்தான் போகும், பியரில் படாது என்று பஸ்காரர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கினாலும் கவலை போகவில்லை.

சூடு பார்க்க ஒரு தேமாமீட்டர் வேண்டும். பஸ்காரரின் மனைவி ஜாம் காய்ச்சும் தேமாமீட்டரைக் கொடுத்தா. அதில் பழைய ஃபாரன்ஹைட் கணக்கு. ரேடியோவில் அப்போது எல்லாம் சென்ரிகிரேட்டுக்கு மாறிவிட்டது. நூற்றைம்பது என்று பஸ்காரர் சொல்ல, அறுபத்தாறு என்று என் மனைவி சொல்ல, தவறாகப் போய்விடும் என்று நான் தேமாமீட்டரின் கண்ணாடியில் அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டேன். பிறகு யாரும் எண்ணே சொல்லவில்லை. "நூலுக்கு வந்திட்டுதோ?" என்றுதான் கேட்போம்.

காய்ச்சுவதற்கு ஒரு சனிக்கிழமை குறித்தோம். தமையன் வர அப்போது ஐந்து கிழமை இருந்தது. புளிக்க ஒரு கிழமை, போத்தலில் மூன்று கிழமை. ஒரு கிழமைதான் மிச்சம். முந்திய செவ்வாய்க்கிழமை பஸ்காரர் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து என் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். கூடவே ஒரு கடதாசி. "எப்பிடி அரைக்கிறது எண்டு இதிலை கிடக்கு. நான் இந்தக் கிழமை முழுக்கப் பின்னேர ஷிஃப்ற். நீயே பார்த்து அரைச்சு வை."

கடதாசி நெருக்கமான தட்டச்சு இங்கிலீசு. நான் இங்கிலீசு வாசிப்பேன், ஆனால் ஒவ்வொரு சொல்லாகக் கல்லுப் பொறுக்குவது மாதிரி. மனைவியிடம் வாசிக்கச் சொல்லலாம் என்றால், அவளும் இரவு வேலைக்காரி, எழுப்ப மனமில்லை. அதோடு, அரைக்கிற விஷயத்தில் எனக்குக் கடதாசி எதற்கு? மேசை ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. கடதாசியை எட்டாக மடித்து மேசைக் காலுக்குக் கீழே வைத்தேன். ஆட்டம் நின்றது.

புதன்கிழமை அரைத்தேன். முதல் தடவை போட்டதும் முழுக்க உமியாக வந்தது. ஒவ்வொரு மணியும் உடைந்து, உமி மேலே பொட்டுப் பொட்டாக மிதந்தது. உமியோடு மாவைக் கொடுப்பது என் கைக்கு இழுக்கு. சுளகு எடுத்துப் புடைத்தேன். காற்றும் நல்ல பக்கமாகத்தான் வந்தது. உமியெல்லாம் ஒரு சாக்கு. மனைவியின் மிளகாய்ப் பாத்திக்கு நல்லது என்று அப்படியே பரப்பித் தண்ணீரும் விட்டேன். பருக்கையைத் திரும்பவும் அரைத்தேன். அரித்தேன். மூன்றாம் முறையும் அரைத்தேன். கடைசியில் இடியப்ப மா. இனிப்பான, பால் நிறத்து மா. இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பஸ்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சாக்கின் வாயை அவிழ்த்து உள்ளே கை விட்டார். கையை எடுத்தார். முழங்கை வரை வெள்ளை.

"மிச்சம் எங்கை?"

"மிச்சமே? அதுதான் எல்லாம்."

"உமி?"

நான் மிளகாய்ப் பாத்தியைக் காட்டினேன். அதில் நேற்றைய மழையும் சேர்ந்து, உமி கறுத்து மண்ணோடு ஒட்டிக்கிடந்தது.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். படியில் குந்தி, சட்டையில் மாவைத் துடைக்கப் போய், புதுச் சட்டை என்று ஞாபகம் வந்து நிறுத்தினார். "உமிதான் வடி" என்றார் மெதுவாக. "அந்தத் தட்டு உமியைத் தாங்கத்தான். உமிக்குள்ளாலை வடிஞ்சு வந்தால்தான் சாறு தெளிவா வரும். சரி. தண்ணி கொதிச்சிட்டுது. ஊத்திப் பாப்பம்."

ஊற்றினோம். நூலுக்குச் சூடு வந்தது. ஒரு மணி நேரம் மூடி வைத்தோம். நல்ல வாசனை வந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற மால்ற் மா வாசனை. பைப்பைத் திறந்தேன். ஒரு சொட்டு. பிறகு இன்னொரு சொட்டு. பிறகு ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்து கரண்டியை விட்டால் கரண்டி நட்டுக்குத்தாக நின்றது. தொட்டி நிறையக் களி.

அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவன் வரட்டும்" என்றார். "பேணிப் பியரையே குடுக்கிறன். வேறை என்ன செய்யிறது."

அந்த நேரம் மனைவி வேலைக்குப் போகும் வெள்ளை உடுப்போடு பின்கதவால் வந்தாள். அன்றைக்குப் பின்னேர வேலை. இரண்டு ஆம்பிளைகள் ஒரு பெட்டியைச் சுற்றிச் செத்த வீடு மாதிரி நிற்பதைப் பார்த்துக் கிட்ட வந்தாள். கரண்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னப்பா, இவ்வளவு மாவையும் இறுக்கி வைச்சால் எதுக்குள்ளாலை போறது? புட்டுக்குக் கூட இடையிலை தேங்காய்ப்பூ போடாட்டி ஆவி வராது எண்டு உங்களுக்குத் தெரியாதோ? இடையிலை என்னத்தையும் போடுங்கோ."

"என்னத்தைப் போடுறது? உமி பாத்தியிலை கிடக்கு."

"உலகத்திலை அது ஒண்டுதான் உமியோ?" என்று சொல்லிவிட்டு, "நான் போட்டு வாறன்" என்று பஸ்ஸுக்கு நடந்தாள்.

உமி. எனக்குள் ஏதோ திறந்தது. நார்த்மீட் பக்கம் அப்போது நிறையக் கோழிப் பண்ணைகள். அங்கே தீவனக் கடை ஒன்றின் வாசலில், வேலைக்குப் போகும் வழியில் தினமும் ஒரு அம்பாரத்தைப் பார்ப்பேன். கோழிகளுக்குக் கீழே பரப்புவதற்காகச் சாக்குகளில் விற்பார்கள். பார்த்த முதல் நாளே அது என்னவென்று எனக்குத் தெரியும். நெல்லு உமி. இந்த நாட்டின் தெற்கே நெல் விளைகிறது, அதன் உமி கோழிக்குப் போகிறது.

"கார்த் திறப்பை எடுங்கோ" என்றேன். நான் அவருக்கு உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை.

மணி பதினொன்றே முக்கால். அந்நாளில் சிட்னியில் சனிக்கிழமை பன்னிரண்டுக்குக் கடை பூட்டினால் திங்கள் காலைதான். தொட்டியைப் போர்வைகளால் மூடிவிட்டு ஓடினோம். பஸ் ஓட்டுகிறவர் கார் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்டேன். ஒவ்வொரு பஸ் தரிப்பிலும் கால் தானாக பிரேக்கில் போனது.

போகும் வழியில் சொல்லிவிட்டேன். "அந்தக் கடதாசியை நான் வாசிக்கேல்லை. மேசைக்குக் கீழை வைச்சிட்டன். எனக்கு இங்கிலீசு வாசிக்கப் பிந்தும்."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பிறகு, "நானும் முழுக்க வாசிக்கேல்லை" என்றார். "கண்ணாடி போட வேணும். பஸ் டிப்போவிலை தெரிஞ்சால் வேலை போயிடும். ரெண்டு பேரும் வாயை மூடுவம்."

ஒரு கணம் ஆறுதல். அடுத்த கணம், கண் தெரியாதவர் ஓட்டும் காரில் இருக்கிறேன் என்பது உறைத்தது. கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

கடைக்காரர் வாசல் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். "ஒரு சாக்கு உமி" என்றேன்.

"எத்தினை கோழி?"

"கோழி இல்லை."

"பிறகு?"

பஸ்காரர் முந்திக்கொண்டார். "என்ரை தமையன் வாறான். அவனுக்குக் கீழை பரப்ப."

கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கேள்வி கேட்டால் பூட்டப் பிந்தும் என்று நினைத்திருக்க வேண்டும், சாக்கைத் தந்துவிட்டார்.

வீட்டில் நான் அந்த உமியைக் கழுவியதை இன்று நினைத்தாலும் கை குளிர்கிறது. கோழிக்குப் போக இருந்த சாமான். ஏழு தண்ணீர் கழுவினேன். அரிசியில் கல் அரிப்பது மாதிரி, வாளியை ஆட்டி ஆட்டி, மேலே மிதப்பதை மட்டும் எடுத்தேன். பிறகு செப்புத் தொட்டியில் கொதிக்கவைத்து வடித்தேன். பஸ்காரர் ஏழாவது தண்ணீரில், "மேட், இதை நீ இனிக் கலியாணம் கட்டிக் குடுக்கலாம்" என்றார்.

களியை வாளிகளில் தோண்டி எடுத்தோம். துளைத் தட்டின் மேல் நாலு விரல் உயரத்துக்கு உமி. மிச்ச உமியை, பஸ்காரர் சுடுதண்ணீர் விட்டுக்கொண்டே போக, நான் களியோடு கையால் பிரட்டினேன். கொதிநீரில் கை சிவந்தது. புட்டு மா குழைக்கிற அதே பிரட்டல்தான். விரல் நுனியால், அமத்தாமல், கட்டியை உதிர்த்து. பிறகு உமியின் மேல் மெல்ல இறக்கி, கால் மணி நேரம் பேசாமல் விட்டோம்.

பைப்பை நான் திறக்கவில்லை. "நீங்கள் திறவுங்கோ" என்றேன்.

முதலில் கலங்கலாக வந்தது. அதை ஒரு சட்டியில் ஏந்தித் திரும்ப மேலே ஊற்றினார். இரண்டாம் தரமும் ஊற்றினார். மூன்றாம் தரம், பென்சில் தடிப்பில், தேயிலைச் சாயம் போல, தெளிவாக வடிந்தது. அது வாளியில் விழும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். என் முதுகில் ஒன்று போட்டார். அந்த இடம் இரண்டு நாள் நொந்தது.

மிச்சம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கசப்புக்கு ஹொப்ஸ் என்கிற காய்ந்த பூவைப் போட்டுக் கொதிக்கவைத்தோம். என் சுருள் அதை ஆற்றியது. அடிலெய்டிலிருந்து வருகிற, அடியில் மண்டி நிற்கும் ஒரு பியர்ப் போத்தலின் அந்த மண்டியை, அதில்தான் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதாம், வளர்த்து நொதிக்க விட்டோம். மூன்றாம் நாள் மேலே நுரை கட்டி எழும்பியது. நான் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். போத்தலில் அடைத்த பிறகு, அவை வெடிக்குமோ என்று ஒவ்வொரு பெட்டிக்கும் போர்வை. எங்கள் வீட்டில் அந்த மூன்று கிழமையும் போர்வை இல்லாமல் படுத்தோம். ஹோம்புஷ் அன்ரி அடுத்த முறை மா அரைத்துக்கொண்டு போய், "தம்பி, உம்மடை மா இந்த முறை ஏன் இனிக்குது? நல்லாயிருக்கு. அப்பிடியே அரையும்" என்று சொல்லியனுப்பினா. மெஷினை மூன்று தரம் கழுவியும் பார்லி போகவில்லை.

தமையன் வந்தார். பஸ்காரரை விட ஒரு முழம் உயரம், பேச்சு அரை முழம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பஸ்காரர் வீட்டுப் புல்லில், உடுப்புக் காயப்போடும் சுற்றுக் கம்பிக்குக் கீழே ஐந்து கதிரை போட்டிருந்தது. எங்களையும் கூப்பிட்டார்கள். பஸ்காரர் போத்தலைத் திறந்து, சரித்து, மண்டி வராமல் ஊற்றினார்.  தமையன் கிளாசைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்தார். மணந்தார். குடித்தார். 

நான் மனைவியின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அவள் பிறகு சொன்னாள்.

"பேணியோ?" என்றார் தமையன்.

"இல்லை."

"தொட்டியைக் காட்டு."

எல்லோருமாக எங்கள் சலவை அறைக்குப் போனோம். அவர் மூடியைத் தூக்கினார். துளைத் தட்டைக் கழற்றி, திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவினார். பிசிர் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "ஆர் துளைச்சது?"

"நான்" என்றேன்.

தலையை ஆட்டினார். பிறகு ஒரு துளையில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றை நகத்தால் கிளப்பி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நெல்லு உமி ஒன்று. நான் அவ்வளவு கழுவியும் ஒன்று மிச்சம்.

"இது பார்லியில்லை."

பஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நானே சொன்னேன், மாவாக அரைத்தது, உமியைக் கொட்டியது, கோழித் தீவனக் கடை, எல்லாம். என் இங்கிலீசில் அது நீளமாகத்தான் போயிருக்கும். அவர் இடையில் குறுக்கிடவில்லை. முடிந்ததும், "அப்ப அதுதான்" என்றார். "மா அவ்வளவு நைசா இருந்தபடியால் உள்ள இனிப்பு முழுக்க இறங்கியிருக்கு. இது எங்கடை பியரை விடக் கடுமை." அந்த உமியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வாயிலை வைக்கலாமோ?" என்றார் பஸ்காரர். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"இன்னொண்டு ஊத்து. சொல்லுறன்."

திரும்பவும் புல்லுக்கு வந்து தமையன் மூன்று கிளாஸ் குடித்தார். நானும் அரைக் கிளாஸ் குடித்தேன், என் கையால் செய்தது என்பதற்காக. வேப்பம்பூ வடகம் போல முதலில் கசந்து, பிறகு விட்டது. மனைவி ஒரு வாய் குடித்துப் பார்த்து, "மருந்துக்குச் சரி" என்றாள். பிறகு பேச்சு ஓய்ந்தது. திரும்பிப் பார்த்தால் தமையன் கதிரையில் சாய்ந்து, வாய் திறந்து, அசையாமல் கிடக்கிறார்.

 கோழிப் பண்ணை. செப்பு. சவர்க்காரம். எவர்சில்வர்ப் பிசிர். எல்லாம் ஒன்றாக வந்தது. "இஞ்சாரும், நாடியைப் பாரும், கெதியாப் பாரும்" என்று மனைவியைத் தள்ளினேன்.

அவள் போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் செய்வது போலவே செய்தாள். பிறகு கையை மெதுவாக அவருடைய மடியில் வைத்துவிட்டு வந்தாள்.

"நல்ல நித்திரை. குறட்டை இப்ப தொடங்கும்."

தொடங்கியது.

பஸ்காரர் எழும்பிப் போய், தன் தொப்பியை எடுத்து, வெயில் படாமல் தமையனுடைய முகத்தில் வைத்தார். குனிந்து அவருடைய கையிலிருந்த கிளாசை எடுத்தார். அதைத் திருப்பி, அடியைப் பார்த்தார். பிறகு எங்களுக்கும் திருப்பிக் காட்டினார். உள்ளே ஒரு சொட்டும் இல்லை.